கொங்கில் முழுநேரச் செய்தி வானொலி நிற்குமா? ஒரு முயற்சியின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு லேபிளும் பட்டனும் கொடுத்து வந்த ஒருவர், கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரு முழுநேரச் செய்தி வானொலி தொடங்க விரும்பினார். அந்த முயற்சி எப்படித் தொடங்கியது, எங்கே திசை மாறியது, இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். நிகழ்ச்சி வடிவமைப்புக்கு ஆலோசனை சொல்பவனாக நான் உடன் இருந்தேன். இதில் வரும் ஆட்களின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் சொல்லவில்லை. உள்ளூர்ச் செய்தியை ஒலி வடிவில் கொடுக்க நினைக்கும் வேறு யாருக்காவது இது பயன்படும்.

பின்னணி

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. குழுவில் எல்லோருக்கும் அவர் அய்யாதான். தொழில் விஷயமாக நியூயார்க் போய்வந்த காலத்தில், டாக்ஸிகளில் ஓடிய ஒரு வானொலி அவர் மனதில் பதிந்துவிட்டது. பாட்டே கிடையாது. செய்தி, போக்குவரத்து, வானிலை, மறுபடி செய்தி. அந்த டபிள்யூ.ஐ.என்.எஸ். நிலையம் 1965 ஏப்ரலில் பாட்டை நிறுத்திவிட்டு முழுநேரச் செய்திக்கு மாறியது. '22 நிமிடம் கொடுங்கள், உலகத்தைத் தருகிறோம்' என்பது அதன் விளம்பர வாசகம். அதன் உரிமையாளரான வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதே ஆண்டில் பிலடெல்பியாவின் கே.ஒய்.டபிள்யூ. நிலையத்தையும் இப்படி மாற்றியது. இரண்டும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன.

"நம்மூர்ல விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சு வேலைக்குப் போறவங்க எத்தனை பேருங்க? அவங்களுக்குப் பாட்டு இருக்குது, சேதி இல்லீங்களே" என்பார் அய்யா. இந்தக் கேள்வி வெறும் ஆசையில் வந்ததில்லை. தில்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. செய்தி என்றாலே காதில் விழுவது என்ற பழக்கம் அவர்களுக்கு உண்டு. கோவையில் அகில இந்திய வானொலியின் நிலையமும் 103 ரெயின்போ பண்பலையும் இருக்கின்றன. சூரியன், மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று தனியார் பண்பலைகளும் இருக்கின்றன. தனியார் பண்பலைகள் முழுக்கப் பாட்டும் பேச்சும்தான். ஆக, செய்தி என்ற இடம் காலியாகத்தான் கிடக்கிறது என்று அய்யா கணக்குப் போட்டார்.

அவருடன் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு நெடுங்காலம் எழுதிய நிருபர் ஒருவர். வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்த ஒரு பெண். அவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். மூன்றாவது ஆள், கணக்கு பார்த்துக்கொண்ட அய்யாவின் மகன். முதல் நாளிலிருந்தே இது தேறாது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் குழுவில் இருந்தது பெரிய உதவி.

சட்டம் எங்கே நிறுத்தியது

இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று பார்த்தபோது, காரணம் சந்தையில் இல்லை, சட்டத்தில் இருந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1999 கொள்கைக்குப் பிறகு தனியார் பண்பலைகளும் வந்தன. ஆனால் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பும் உரிமை அவர்களுக்குத் தரப்படவில்லை. 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு சலுகை கொடுத்தது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். கூடவே, செய்தி என்று கருதப்படாத தகவல்கள் என ஒரு பட்டியலும் உண்டு: போக்குவரத்து, வானிலை, விளையாட்டுத் தகவல், கலை விழாக்கள், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், பேரிடர் அறிவிப்புகள். சந்தை விலை என்று தனியாக ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைச் சொல்வது எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

செய்திக்கான இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், தனியார் பண்பலைகள் மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அய்யாவுக்கு உண்மையில் உற்சாகம் வந்தது அப்போதுதான். நாங்கள் திட்டமிட்ட காலம் முழுக்க அது பரிந்துரையாகவே இருந்தது. ஒருவேளை ஏற்கப்பட்டாலும் 60 நிமிடத்தில் 10 நிமிடம்தான் செய்தி. மீதி 50 நிமிடத்துக்குப் பாட்டு போட்டாக வேண்டும். அவர் நியூயார்க்கில் கேட்டது போன்ற நிலையம் பண்பலையில் சாத்தியமில்லை என்பது இதிலேயே முடிவாகிவிட்டது.

சமுதாய வானொலி என்ற வழியையும் பார்த்தோம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அதற்கு ஒரு மரபு உண்டு. ஆனால் அது லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும் உரியது. ஒலிபரப்புத் திறன் 100 வாட். நடைமுறையில் 10 கிலோமீட்டர் போனால் அதிகம். 2024 விதிகளில் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது நல்ல மாற்றம். செய்தி விஷயத்தில் மட்டும் அங்கேயும் அகில இந்திய வானொலியின் அறிக்கைதான். உள்ளூர் மொழியில் மாற்றி வாசிக்கலாம், அவ்வளவே.

மிஞ்சியது இணையம். அதற்கு அலைவரிசை ஏலமும் கோபுரமும் தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும்: அமைச்சகத்துக்கு விவரம் கொடுக்க வேண்டும், குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் வேண்டும், வந்த புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பை நிருபரே ஏற்றுக்கொண்டார்.

கேட்பவர்களிடம் கேட்டது

எதையும் தொடங்கும் முன், யார் எந்த நேரத்தில் எதைக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள நானும் நிருபரும் ஊர் ஊராகப் போனோம். இந்த முயற்சியிலேயே அதிகப் பயன் தந்தது இந்தப் பகுதிதான் என்பது என் எண்ணம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒலிபெருக்கியில் பண்பலை ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே செய்தி எடுபடுமா என்று ஒரு மேற்பார்வையாளரிடம் கேட்டோம். "பாட்டு நின்னா பீஸ் குறைஞ்சு போகுமுங்க" என்றார். தையல் வரிசையில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தமிழ்ச் செய்தி அவர்களுக்கு உதவப் போவதில்லை. விசைத்தறிக் கூடத்தில் சத்தமே எதையும் கேட்க விடாது. பெரிய கேட்போர் கூட்டம் என்று அய்யா நினைத்திருந்த இரண்டு இடங்களும் கணக்கிலிருந்து கழிந்தன.

நியூயார்க் வானொலியின் பலம், காரில் தனியாக நெடுநேரம் போகும் மனிதர்கள். இங்கே வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியில், அதாவது டூவீலரில் போகிறார்கள். இல்லையென்றால் கம்பெனி வேன், பஸ். கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் செய்தி கேட்கத் தயார்தான். ஆனால் வீட்டிலிருந்து கடைக்கும் ஆலைக்கும் போகும் நேரம் குறைவு.

ஈரோட்டில் நிலைமை வேறு. மஞ்சள் விவசாயி ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெலை வாட்ஸ்அப்புல வருதுங்க. ஆனா அதுல வாரது உச்ச வெலை மட்டுந்தான். ஒரு லாட்டு அந்த வெலைக்குப் போயிருக்கும். என்ற மஞ்சளுக்கு என்ன கெடைக்கும்னு அதை வெச்சு எப்படிங்க சொல்றது?" விரலிக்கும் கிழங்குக்கும் வேறு வேறு விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு விலை, கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு விலை. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை விற்றது, எத்தனை விலை படியாமல் திரும்பியது என்பது தெரிந்தால்தான் நாளைக்குச் சாம்பிள் எடுத்துப் போவதா, குடோனிலேயே வைப்பதா என்று அவர் முடிவெடுக்க முடியும். வாட்ஸ்அப் செய்தியில் அது இருப்பதில்லை.

பல்லடத்தில் கறிக்கோழி விலை சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று நிருபர் நம்பினார். பண்ணைக்காரர்களில் பெரும்பாலானோர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுக்கிறவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. தினசரி விலை ஏறினாலும் இறங்கினாலும் உடனே அவர்கள் கைக்கு எதுவும் வருவதில்லை. அவர்கள் கேட்டது வேறு: வெயில் எப்படி இருக்கும், கரண்டு எப்போது போகும்? கோடை மதியத்தில் ஷெட்டில் ஃபேன் நின்றால் கோழி செத்துப்போகும்.

கீழ்பவானிப் பாசனப் பகுதியில் பவானிசாகர் நீர்மட்டத்தைக் கேட்டார்கள். 105 அடி அணை. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பார்கள், கடைமடைக்கு எப்போது வரும் என்பதுதான் அங்கே தலைப்புச் செய்தி. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் (பி.ஏ.பி.) மண்டலப் பாசனம். கோவையில் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பெண்கள் சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் எந்த நாளில் வரும் என்று கேட்டார்கள்.

வால்பாறையில் ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. யானைகள் எந்தத் தோட்டத்துப் பக்கம் நிற்கின்றன என்பதை, இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும் சிவப்பு விளக்கு எரிய வைத்தும் மக்களுக்குச் சொல்லி வந்தார்கள். ஒரே ஒரு தகவல்தான். ஆனால் வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவருக்கு உயிர் காக்கும் தகவல். சின்னச் சந்தையில் செய்திக்கு எது மதிப்பைக் கொடுக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது இந்த ஏற்பாடுதான். நாள் முழுக்கச் செய்தி வேண்டும் என்று நாங்கள் சந்தித்தவர்களில் யாருமே கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட மணிக்குள் ஒரு குறிப்பிட்ட விடை வேண்டியிருந்தது. அந்த மணி தாண்டினால் அதனால் பயனில்லை.

சக்கரத்தின் கணக்கு

இருந்தாலும் அய்யா முழுநேரத்தை விடவில்லை. அதனால் கணக்கைப் போட்டே காட்டினோம். முழுநேரச் செய்தி நிலையங்கள் ஒரு சக்கரம்போல ஓடுகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் திரும்ப வரும். அதில் விளம்பரத்துக்கும் நிலைய அறிவிப்புக்கும் 4 நிமிடம் போனால் 16 நிமிடம். அக்கா நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். மொத்தம் 1,600 சொல். ஒரு செய்திக்கு 80 சொல் என்றால் 20 செய்திகள். மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கையாவது புதிதாக்காவிட்டால் கேட்பவர் நகர்ந்துவிடுவார். காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை 16 மணி நேரம். முதல் சக்கரத்துக்கு 20, அதற்குப் பின் மணிக்கு 7 வீதம் 105. ஒரு நாளைக்கு 125 செய்தி.

நேரில் போய், இரண்டு பக்கமும் விசாரித்து, நாளுக்கு ஐந்து செய்தி கொடுக்கும் நிருபர் நல்ல நிருபர். அப்படிப் பார்த்தால் 25 நிருபர்கள். செய்தி ஆசிரியர்கள், வாசிப்பவர்கள், ஒலிப்பதிவாளர்கள் தனி. இந்தக் கூலியைக் கொடுக்க வேண்டிய சந்தை எவ்வளவு பெரியது? 2011 கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுதியில் சுமார் 21 லட்சம் பேர், திருப்பூரில் சுமார் 9.6 லட்சம், ஈரோட்டில் சுமார் 5.2 லட்சம். இப்போது கூடியிருக்கும். கூடினாலும் நியூயார்க்கின் விளம்பரச் சந்தை இங்கே கிடையாது.

அந்த நாட்டிலேயே இது எல்லா இடத்திலும் நிலைத்துவிடவில்லை. நிலையங்களுக்கு முழுநேரச் செய்தி வழங்க என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் 1975இல் தொடங்கிய சேவை 1977இல் மூடப்பட்டது. நியூயார்க்கிலேயே 2011இல் 101.9 பண்பலையில் தொடங்கிய செய்தி நிலையம் அடுத்த ஆண்டே நின்றது. 1967 முதல் முழுநேரச் செய்தி சொல்லிவந்த நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். நிலையம் 2024 ஆகஸ்டில் அதை விட்டது. நிலைத்து நிற்கும் நிலையங்களை மட்டுமே அய்யா கேட்டிருந்தார். நின்றுபோனவை டாக்ஸியில் கேட்காது அல்லவா? இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிங்க, எது முடியுமோ அதைச் செய்யலாம்" என்றார்.

எடுத்த முடிவுகள்

காலை 6 மணிக்கும் இரவு 7.30க்கும் பத்துப் பத்து நிமிட அறிக்கை. மஞ்சள் ஏலம் முடிந்ததும் தனியாக ஐந்து நிமிடச் சந்தை அறிக்கை. இணையச் செயலியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒலிக்கோப்பாகக் கொடுப்பது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துச் செய்தி சொல்லும் ஒரு எண்ணும் வைத்தோம். 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரண போனிலேயே செய்தி கேட்கவும் சொல்லவும் முடியும் என்று காட்டியிருந்தது. நெட் இல்லாத தோட்டத்து வீடுகளுக்கு அது உதவும் என்று நம்பினோம்.

முதல் செய்தி எப்போதும் அன்றைக்குள் பயன்படுத்த வேண்டியதாக இருக்க வேண்டும்: மின்தடை, தண்ணீர், மழை, பஸ், ஏலம். அரசியல் அதற்குப் பிறகு. விலையை இரண்டு முறை, மெதுவாக வாசிக்க வேண்டும். விலைக்கு இரண்டு இடத்தில் உறுதி வேண்டும்; அதில் ஒன்று விற்பனைக் கூடத்தின் பதிவாக இருக்க வேண்டும். உச்ச விலையைச் சொன்னால் குறைந்த விலையையும், விற்காமல் நின்ற மூட்டைக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதிகம் விவாதித்தது விளம்பரத்தை. சந்தை அறிக்கைக்கு மண்டிக்காரர்கள் சிலர் உடனே பணம் தர முன்வந்தார்கள். முதல் வருமானமே அதுவாக இருந்திருக்கும். நிருபர் ஒத்துக்கொள்ளவில்லை. விலையில் லாபம் பார்க்கிறவர் பணத்தில் விலை வாசித்தால், ஒரு நாள் விலை சரியாகவே இருந்தாலும் விவசாயி நம்ப மாட்டார் என்பது அவர் வாதம். அய்யாவின் மகன், வருமானமே இல்லாதபோது வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் அய்யா நிருபர் பக்கம் நின்றார். சொட்டுநீர்ப் பாசனம், மாட்டுத்தீவனம், பேட்டரி விற்பவர்களிடம் விளம்பரம் வாங்கலாம்; ஏலத்தில் கலந்துகொள்பவர்களிடம் கூடாது. முயற்சி முழுவதிலும் எடுத்த முடிவுகளில் இதுதான் மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன்.

நடந்தது

யாரும் எதிர்பாராத ஒரு இடத்தில் கேட்போர் கிடைத்தார்கள்: பால் சொசைட்டி. விடிகாலையில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது ஒரு சொசைட்டிச் செயலாளர் காலை அறிக்கையைப் போன் ஸ்பீக்கரில் போட்டார். அதைப் பார்த்துப் பக்கத்து ஊரிலும் போட்டார்கள். கேட்டுவிட்டுக் கலைந்தவர்கள் தோட்டத்தில் அதையே பேசினார்கள். ஒருவர் போட்டால் முப்பது பேர் கேட்பார்கள். செயலியின் கணக்கில் அது ஒருவர்தான். விளம்பரம் கொடுப்பவர்கள் கேட்டதோ செயலியின் கணக்கை. இந்த இடைவெளியைக் கடைசி வரை எங்களால் அடைக்க முடியவில்லை.

மிஸ்டு கால் எண்ணை வயதானவர்கள் விரும்பினார்கள். அழைப்பு கூடக் கூடக் கட்டணமும் கூடியது. கேட்பவர் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும் அமைப்பு அது. சந்தை அறிக்கைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினோம்.

நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் வரவே இல்லை. ஒரு கடை மேலாளர் பக்குவமாகச் சொன்னார்: "விபத்துச் சேதிக்குப் பக்கத்துல கல்யாணப் பட்டு விளம்பரம் வேண்டாமுங்க. பாட்டுக்கு நடுவுல வந்தா நல்லாருக்கும்." இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பண்பலையோடு போட்டி போட வேண்டும் என்ற எண்ணமே தவறான திசை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் விற்பது ஒரு மனநிலையை. செய்தியால் அதை விற்க முடியாது.

மழைக்குப் பிறகு ஒரு நாள் நொய்யலில் நுரை பொங்கி நிறம் மாறி ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்திலிருந்து இந்த ஊரில் நொய்யலைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. நிருபர் நேரில் போய்ப் பார்த்து, கரையோர விவசாயிகளிடமும் பட்டறைத் தரப்பிலும் கேட்டு, இரண்டையும் சேர்த்தே செய்தி கொடுத்தார். யாரையும் குற்றம் சாட்டவில்லை. அடுத்த மாதம் இரண்டு விளம்பரதாரர்கள் சொல்லாமலே விலகினார்கள். அய்யாவிடம் பல வருடம் பட்டன் வாங்கிய ஒருவர், "நீங்களே இப்படிப் போடலாமுங்களா" என்று வருத்தப்பட்டார். அய்யா பதில் சொல்லவில்லை, செய்தியை நீக்கவும் இல்லை. ஊரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் வியாபாரத்தில் பிணைந்திருக்கும் சந்தையில், கூலி கொடுப்பவரே செய்தியிலும் வருகிறார். பெரிய நகரத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். இங்கே அந்த இன்னொருவர் முதலாமவரின் மச்சானாக இருக்கிறார்.

மழை இரவு

தென்மேற்குப் பருவமழை வலுத்த ஒரு நாள் பில்லூர் அணை நிரம்பியது. 100 அடி அணையில் 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவது வழக்கம். மேட்டுப்பாளையம் முதல் பவானிக் கரையோரம் முழுக்க எச்சரிக்கை. அன்று மாலை அணை உடைந்துவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் வதந்தி கிளம்பியது. நிருபர் அணைத் தரப்பிலும் வருவாய்த் துறையிலும் உறுதி செய்துகொண்டு, அணை பத்திரமாக இருக்கிறது, நீர் திறக்கப்பட்டிருக்கிறது, கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று அக்காவை வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு அறிக்கை பத்து நிமிடத்தில் முடியவில்லை. புதுத் தகவல் வர வர, விடியும் வரை நேரலையாகப் போனது. எங்கே பாலத்தில் போக்குவரத்து நிறுத்தம், எந்தப் பள்ளியில் தங்க இடம், எந்தப் பக்கம் கரண்டு இல்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை.

அய்யா கனவு கண்ட நிலையம் அந்த ஓர் இரவு முழுமையாக இயங்கியது. 1965 நவம்பர் 9 மின்தடை இரவில் நியூயார்க் மக்கள் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் அப்போது நினைவுபடுத்தினார். ஆனால் மறுநாள் காலை அறிக்கைக்கு ஆள் இல்லை. எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். தேவைப்படும் நாளில் முழுநேரம், மற்ற நாளில் சில நிமிடம் என்ற வடிவம் இந்தச் சந்தைக்குப் பொருந்துகிறது. அதற்கும் மாற்று ஆட்கள் வேண்டும்.

இப்போதைய நிலை

இரவு அறிக்கை நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் டிவிதான் ஓடுகிறது. காலை அறிக்கையும் சந்தை அறிக்கையும் தொடர்கின்றன. சில உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக மாதச் சந்தா கட்டுகின்றன. நிருபரின் சம்பளமும் அக்காவின் சம்பளமும் அதிலும் விளம்பரத்திலும் வந்துவிடுகின்றன. அய்யா போட்ட முதல் திரும்பவில்லை. திரும்பும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மகன் இப்போதும் கணக்கைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். காலை 6 மணி அறிக்கையை மட்டும் தவறாமல் கேட்கிறார்.

மாற்ற வேண்டியவை

மறுபடி ஒருவர் தொடங்கினால், மூன்று நகரத்தையும் ஒரே அறிக்கையில் கட்ட வேண்டாம் என்பேன். கோவைக்காரருக்கு ஈரோட்டு மின்தடை தேவையில்லை. ஒரே குழு, ஊருக்கு ஊர் வேறு வேறு முதல் மூன்று நிமிடம், மீதி பொது என்று பிரிப்பது கூடுதல் வேலை இல்லை. எங்கள் குழு இப்போது அந்த வழிக்கு வருகிறது.

பால் சொசைட்டிகளை முதலிலேயே பங்காளிகளாகச் சேர்த்திருக்கலாம். எத்தனை பேர் நின்று கேட்டார்கள் என்று செயலாளரே வாரத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்தால், விளம்பரதாரரிடம் காட்ட அது ஒரு ஆதாரம்.

பெருமழை இரவுக்கான ஆள் பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்: யார் முதல் ஆறு மணி நேரம், யார் அடுத்தது, யாருக்கு யார் தொலைபேசி செய்து உறுதி செய்வது. பத்திரிகைத் துறை மாணவர்களுக்கு இதற்காகப் பயிற்சி தரலாம் என்று நிருபர் சொல்லியிருக்கிறார்.

தனியார் பண்பலை இல்லாத 234 ஊர்களுக்கு 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் கரூரும் உண்டு. அங்கே யாராவது உரிமம் எடுத்தால், செய்தி என்று கருதப்படாத தகவல்களின் பட்டியலுக்குள் நின்றபடியே மின்சாரம், தண்ணீர், வானிலை, வேலைவாய்ப்பு நான்கையும் காலை ஆறு மணிக்கு ஒழுங்காகக் கொடுக்க முடியும். சந்தை விலையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு அமைச்சகத்துக்கு ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. எழுதுவது நிருபர், கையெழுத்துப் போடுவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்.